பெருவிரல் தரையை விட்டு எழுந்தபோது: 76 வயது அம்மா ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பிசியோதெரபிஸ்டாக வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. குமரி மாவட்டத்தில் தக்கலை, கருங்கல், மார்த்தாண்டம் என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு. வயதானவர்களுக்காக வருகிற போன் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "அம்மை விழுந்துட்டாங்க மேடம், காலுக்குப் பலம் இல்ல, வந்து கொஞ்சம் நடக்கப் பழக்கணும்." மே மாதம் வந்த இந்தப் போனும் அப்படித்தான் தொடங்கியது. போய் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்த அம்மா நடக்கும்போது ஒருமுறைகூட விழவில்லை. மூன்று முறை விழுந்திருக்கிறார். மூன்றும் எழும்போது.

எப்போது விழுந்தார் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், என்ன செய்யும்போது விழுந்தார் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று மாதம் அப்படியே போயிருக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். அம்மாவும் வீட்டாரும் சம்மதித்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

அம்மாவைப் பற்றி

உயரம் 148 செ.மீ., எடை 52 கிலோ. 28 வருடம் அண்டி ஆபீசில் வேலை பார்த்தவர். வெளி மாவட்டத்தவர்களுக்காகச் சொல்கிறேன், இங்கே முந்திரி ஆலைக்கு அதுதான் பேர். கல்குளம், விளவங்கோடு பக்கம் எத்தனையோ பெண்கள் அங்கே உழைத்துத்தான் பிள்ளைகளைக் கரையேற்றினார்கள். இவரும் தரையோடு தரையாக உட்கார்ந்து, நாள் முழுக்கக் குனிந்து கொட்டை உடைத்தவர். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தரையிலிருந்து எழுந்திருப்பார்! எட்டு வருடத்துக்கு முன்னால் மூட்டுவலி வந்தது. "இனி கீழே உட்காரக் கூடாது" என்றார்கள். அன்றோடு நிறுத்திவிட்டார்.

கணவர் இல்லை. மகன் வளைகுடாவில். மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் கூட இருக்கிறார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் புது வீடு கட்டி, ஹாலில் பெரிய சோபா வாங்கிப் போட்டார்கள். பழைய பலாமரப் பெஞ்சு பின்பக்கச் சாய்ப்புக்குப் போய்விட்டது.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் 14 வருடமாக உண்டு. வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடது கண் பாக்கி. ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, இரண்டும் இரவில். அதில் ஒன்று சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் மருந்து கலந்தது. ராத்திரி மூன்று தடவை எழும்ப வேண்டியிருக்கிறது என்பதால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இந்தக் கடைசி இரண்டு விஷயங்களும் முதல் நாளே என் நோட்டில் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்க்க எனக்கு நாலு நாள் ஆயிற்று.

முதல் விழுகை பிப்ரவரியில். குடும்ப ஜெபமாலை முடிந்து சோபாவிலிருந்து எழுந்தவர், பாதியில் பின்னால் சரிந்து சோபா விளிம்பில் பட்டு, வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது மார்ச்சில், அதே சோபா. பேரன் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டிருக்கிறான், பிடி விட்டதும் மல்லாந்து விழுந்தார். மூன்றாவது ஏப்ரல் கடைசியில், விடியற்காலை கட்டிலிலிருந்து எழுந்து ஓரடி வைத்ததும் பக்கவாட்டில். மணிக்கட்டு வீங்கியது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

விழுந்தபோது எப்படி இருந்தது என்று கேட்டேன். "மக்களே, எழும்பும்போ ஆரோ பின்னால இருந்து சேலையைப் பிடிச்சு இழுக்க மாதிரி இருக்கு" என்றார். ஒரு நோயாளி தன் பிரச்சினையை இவ்வளவு சரியாகச் சொல்லி நான் கேட்டது குறைவு. கட்டிலிலிருந்து விழுந்ததும் அப்படித்தானா என்றதற்கு, "அது வேற. அன்னைக்குக் கண்ணு இருட்டிச்சு" என்றார்.

இரண்டும் வேறு வேறு என்று அவரே பிரித்துச் சொல்லிவிட்டார். நான் அதைக் காதில் வாங்கினேன், ஆனால் உரிய கனத்தோடு வாங்கவில்லை.

முதல் வருகை

காலை 11 மணிக்குப் போனேன். வழக்கமான சோதனைகள். 43 செ.மீ. உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார வைத்து, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை தடவை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுவது ஒன்று. 75 முதல் 79 வயதுப் பெண்கள் 10 தடவைக்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே என்பது கணக்கு. கையை ஊன்றித்தான் எழ முடியும் என்றால் 0 என்று எழுத வேண்டும். இவருக்கு 0. கையை ஊன்ற விட்டபோது 6.

நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனையில் 21 நொடி. 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று எடுத்துக்கொள்வோம். ஆனால் அந்த 21-இல் எங்கே நேரம் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நடப்பதில் பெரிய குறை இல்லை. இருக்கையை விட்டு எழுந்து முதல் அடி எடுத்து வைக்க மட்டும் 6 நொடி ஆயிற்று. மொத்தக் கணக்கை மட்டும் எழுதிக்கொண்டு வந்திருந்தால் "நடை மெதுவாக இருக்கிறது" என்றுதான் படித்திருப்பேன்.

இரண்டு காலையும் சேர்த்து வைத்து 10 நொடி நின்றார். ஒரு காலைப் பாதி முன்னால் தள்ளி வைத்தபோது 7 நொடி. குதிகாலும் விரலும் தொடும்படி ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நிற்கவே முடியவில்லை. 10 கிராம் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டபோது இரண்டு பெருவிரலிலும் உணர்ச்சி இல்லை. முழங்காலை மடக்கி வைத்துக் கணுக்காலை மேல்நோக்கி வளைத்தால் 6 டிகிரிதான் போனது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தை 16 கேள்விகளில் கேட்டு 16 முதல் 64 வரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்று உண்டு. அதில் 44.

ரத்த அழுத்தம், உட்கார்ந்து 138/78, எழுந்து ஒரு நிமிடத்தில் 132/76. சரி, இதில் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டேன். அங்கேதான் பிழை. அவர் விழுந்தது விடியற்காலை, நான் அளந்தது 11 மணி. படுக்கையிலிருந்து எழுந்து விழுந்தவரை நான் நாற்காலியிலிருந்து எழுப்பி அளந்திருக்கிறேன். இடையில் காலைச் சாப்பாடும் இரண்டு தம்ளர் காப்பியும் உள்ளே போயிருக்கின்றன.

கிளம்பும்முன், "இந்த நாற்காலி வேண்டாம், எப்பவும் உட்காருகிற இடத்திலிருந்து எழுந்து காட்டுங்க" என்றேன். சோபாவில் போய் உட்கார்ந்தார். மருமகளிடம் கேட்டுக்கொண்டு போனில் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்தேன். அன்று நான் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

வீடியோவில் கண்டது

அன்று இரவு அந்த 14 நொடி வீடியோவை எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

சோபாவின் முன்விளிம்பு தரையிலிருந்து 40 செ.மீ. அம்மா உட்கார்ந்ததும் மெத்தை அமுங்கி 31-க்கு வந்துவிடுகிறது. அவருடைய முழங்கால் மடிப்பிலிருந்து தரைக்கு 38 செ.மீ. ஆக இடுப்பு முழங்காலை விட நன்றாகத் தாழ்ந்து கிடக்கிறது. கணுக்கால் வளையாததால் பாதத்தைப் பின்னால் இழுத்து வைக்க முடியவில்லை. பாதம் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நிற்கிறது. முகம் நேராக, டிவி பக்கம். கைகள் தொடைமேல். முதுகு நிமிர்ந்தபடியே இருக்கிறது, முன்னால் குனியவில்லை. குனிந்தால் தலைகுப்புற விழுந்துவிடுவோம் என்று பயம், அதைப் பிறகு அவரே சொன்னார்.

முதல் முயற்சி. தொடையை அழுத்தி இடுப்பைத் தூக்குகிறார். நாலு விரற்கடை எழுகிறது, திரும்ப மெத்தைக்குள் விழுகிறது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு மருமகள் முன்னால் வந்து நின்று, இரண்டு முன்கையையும் பிடித்து மேல்நோக்கித் தூக்குகிறார். அம்மா எழுகிறார். அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திப் பாதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பெருவிரலும் தரையை விட்டு எழுந்து நிற்கின்றன. ஆள் நிற்பது முழுக்கக் குதிகால்மேல்.

கையைப் பிடித்து இழுக்கும்போது மனிதர் தானாகவே பின்னால் சாய்ந்து எதிர்விசை கொடுப்பார். கிணற்றில் வாளி இழுக்கிற மாதிரிதான் அது. பிடித்தவர் விட்டதும் அந்தச் சாய்வு மட்டும் மிச்சமிருக்கும். பேரன் தூக்கிவிட்டபோது மல்லாந்து விழுந்தது இதனால்தான். சேலையைப் பிடித்து இழுப்பது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்போடு கை கொடுத்தவர்கள்தான். மருமகளிடம் இதைச் சொல்லும்போது மிகக் கவனமாகச் சொன்னேன். அந்தப் பெண் மூன்று மாதமாக மாமியாரைத் தனியாக எழ விடாமல் காத்தவர், அவருக்குக் குற்றவுணர்வு வரக் கூடாது. அப்படி இழுப்பது தப்பு என்று யாருமே சொல்லிக் கொடுத்ததில்லை.

எழுவது என்னும் வேலை

உட்கார்ந்திருக்கும்போது உடம்பைத் தாங்குவது இருக்கையும் இரண்டு பாதமும். இடுப்பு இருக்கையை விடும் அந்தக் கணத்தில் தாங்கும் இடம் சட்டென்று இரண்டு பாதமாகச் சுருங்கிவிடுகிறது. அதற்குள் உடம்பின் எடை பாதத்துக்கு மேலே வந்து சேர வேண்டும். அதற்குத்தான் முதலில் முன்னால் குனிகிறோம். அந்தக் குனிதலின் வேகம் இடுப்பைத் தூக்க உதவுகிறது, அப்புறம் முழங்காலும் இடுப்பும் நிமிர்கின்றன, கடைசியில் ஆட்டம் நிற்கிறது. இளவயதில் முன்னோக்கி ஒரு வீச்சு வீசி, எடை இன்னும் பாதத்துக்குப் பின்னால் இருக்கும்போதே எழுந்துவிடுவோம், வேகம் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வயதானவர்கள் பலரும் முதலில் நன்றாக முன்னால் நகர்ந்து, எடையைப் பாதத்தின்மேல் கொண்டுவந்துவிட்டு, பிறகு மெதுவாக நிமிர்வார்கள். இரண்டும் நல்ல வழிதான். இந்த அம்மாவிடம் வேகமும் இல்லை, குனிதலும் இல்லை. அப்படியானால் பின்னால் போய் உட்காருவதுதான் நடக்கும். இதில் தொடைத் தசையின் பலம் ஒரு பங்குதான்.

தாழ்ந்த இருக்கை இதையெல்லாம் இன்னும் மோசமாக்கும். எழுதல் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான ஒரு கட்டுரை, இருக்கையை உயர்த்தினால் முழங்காலின் மேல் விழும் பளு 60 சதவீதம் வரையிலும், இடுப்பின் மேல் விழுவது 50 சதவீதம் வரையிலும் குறையும் என்கிறது. கைப்பிடியை ஊன்றினால் இடுப்பின் பளு பாதியாகும். பாதத்தைப் பின்னால் இழுத்து வைத்தாலும் இடுப்பின் வேலை வெகுவாகக் குறையும். உயரம், கைப்பிடி, பாதம் இருக்கும் இடம் என்று இந்த மூன்றிலும் சோபா அவருக்கு எதிராக இருந்தது.

எழுந்த பிறகும் வேலை முடியவில்லை. முன்னால் வந்த வேகத்தைக் கணுக்கால் பிடித்து நிறுத்த வேண்டும், எங்கே நிற்கிறோம் என்று உள்ளங்கால் சொல்ல வேண்டும். சர்க்கரையால் இவருடைய உள்ளங்கால் பாதி மௌனமாகிவிட்டது. அந்தக் குறையை ஈடுகட்டக் கண் வேண்டும். அதிலும் ஒன்று மங்கல்.

இரண்டாம் வருகை

நாலு நாள் கழித்துக் காலை 6.15-க்குப் போனேன், அம்மா கட்டிலை விட்டு எழும்முன். ஐந்து நிமிடம் அசையாமல் படுத்திருக்கச் சொல்லி அளந்தபோது 146/80. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் 118/70. மூன்றாவது நிமிடத்தில் 120/72. நாடி 72-இலிருந்து 80-க்குத்தான் ஏறியது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20-ம் அதற்கு மேலும், அல்லது கீழ் அளவு 10-ம் அதற்கு மேலும் இறங்கினால் அது நிலைமாறும்போது வரும் ரத்த அழுத்த வீழ்ச்சி. இவருக்கு 28 இறங்கியது. "இன்னா, இதுதான் மக்களே" என்று கட்டில் சட்டத்தைப் பிடித்தார். கண் இருட்டுவது அந்த நேரத்தில்தான்.

எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். கழுத்திலும் இதயத்துக்கு மேலுள்ள பெருந்தமனியிலும் இருக்கிற அழுத்த உணரிகள் உடனே கவனித்து, நாடியைக் கூட்டி, ரத்தக்குழாயைச் சுருக்கிச் சரிசெய்யும். வயதானால் இந்தப் பதில் மந்தமாகும். நீண்டகாலச் சர்க்கரை அதை இன்னும் மந்தமாக்கும். அதோடு இரவில் நீர் பிரிக்கும் மருந்து, சாயங்காலத்திலிருந்து தண்ணீர் இல்லை. விடியும்போது உடம்பில் நீர் குறைந்து கிடக்கிறது.

இந்த அளவுகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அவரைப் பார்க்கும் மருத்துவருக்குக் கொடுத்தனுப்பினேன். அவர் அந்தக் கூட்டு மாத்திரையைக் காலைக்கு மாற்றி, மற்றதன் அளவைக் குறைத்தார். இதைப் படிப்பவர்கள் யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம். அளந்து எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அது போதும். மூன்று வாரம் கழித்து அதே நேரத்தில் அளந்தபோது படுத்து 142/80, நின்று 130/76.

என்ன செய்தோம்

முதல் வேலை பெஞ்சு. சாய்ப்பில் கிடந்ததை வெளியே எடுத்துத் தூசி தட்டி அளந்தேன், 45 செ.மீ. மருமகள் ஆசாரியை வரவழைத்து, பெஞ்சை ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்குக் குறுக்கி, இருக்கையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தார். உறுதியான பலகை, அமுங்காது. ஹாலில் சோபாவுக்குப் பக்கத்திலேயே அதைப் போட்டோம். அம்மா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். பெஞ்சு முதல்முதலாக வீட்டுக்கு வந்தது அவருடைய அண்டி ஆபீஸ் போனஸில்.

பயிற்சியைக் கட்டிலில் தொடங்கினோம். மெத்தையோடு அது 52 செ.மீ., எழுவது எளிது. இடுப்பை விளிம்புக்கு நகர்த்துவது, பாதத்தைப் பின்னால் இழுப்பது, குனிவது, எழுவது என்று ஒவ்வொன்றாக. குனிவதில்தான் மாட்டிக்கொண்டார். "மூக்கு பெருவிரலுக்கு நேரே வரணும்" என்று சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. முன்னால் ஒரு முக்காலி வைத்து அதில் கையை நீட்டி வைக்கச் சொன்னேன், கொஞ்சம் வந்தது. மூன்றாம் நாள் அவரே கேட்டார்: "மக்களே, பெரிய வெள்ளிக்கு சிலுவை முத்தி செய்ய குனியிற மாதிரியா?" சிலுவையை முத்தமிடக் குனிவதைச் சொல்கிறார். ஆமாம் அம்மா, அதேதான் என்றேன். அடுத்த தடவை நெஞ்சு தொடையை நோக்கிப் போனது, இடுப்பு தானாக மேலே வந்தது. பெருவிரல் தரையிலேயே இருந்தது. நான் குனிந்து பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அன்றிலிருந்து எங்கள் சொல் "முத்தி". "முத்தி, எழும்பு, மூணு மூச்சு" என்று பேத்தி சுவரில் எழுதி ஒட்டிவிட்டாள். மூணு மூச்சு என்பது எழுந்ததும் அடி எடுத்து வைக்காமல் மூன்று மூச்சு விடுவது. தலை தெளிகிறதா, பாதம் முழுக்கத் தரையில் இருக்கிறதா என்று பார்க்கிற நேரம் அது.

ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு ஐந்து ஐந்தாக இரண்டு தடவை. உட்காருவதற்கு நாலு எண்ண வேண்டும், பொத்தென்று விழக் கூடாது. தசைக்கு வேலை இறங்கும்போதும் உண்டு, அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உயரத்தைக் குறைத்தோம்: கட்டில், பிறகு தலையணை போட்ட பெஞ்சு, பிறகு வெறும் பெஞ்சு, கடைசியில் 43 செ.மீ. நாற்காலி. இதோடு அடுக்களைத் திட்டைப் பிடித்துக்கொண்டு குதிகால் தூக்குவது, கணுக்காலை வளைத்து இழுப்பது, ஜன்னல் கம்பியைப் பிடித்து ஒரு காலை முன்வைத்து நிற்பது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம் விழுதலைத் தடுப்பதில் நல்ல பெயர் எடுத்தது, இவற்றில் பல அதன் அடிப்படையில் அமைத்தவை.

காலையில் கட்டிலை விட்டு எழ ஒரு முறை வைத்தோம். படுத்தபடியே கணுக்காலை 20 தடவை ஆட்டுவது, தலைமாட்டில் வைத்திருக்கும் தண்ணீரைக் குடிப்பது, விளிம்பில் இரண்டு நிமிடம் உட்காருவது, பிறகுதான் எழுவது. கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டிருந்தவருக்குப் பயறும் முட்டையும் மீனும் சேர்த்தார்கள்.

கை கொடுக்கும் முறையை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். முன்னால் நிற்க வேண்டாம், பக்கத்தில் நில்லுங்கள். ஒரு கை தோள்பட்டைக்குப் பின்னால் இருக்கட்டும், "முத்தி" என்று சொல்லி முன்னால் நகர்த்துங்கள். மேலே தூக்க வேண்டாம், அதை அவர் பார்த்துக்கொள்வார். பேரனையும் சோபாவில் உட்கார வைத்து, இழுத்து ஒரு தடவை, முன்னால் நகர்த்தி ஒரு தடவை எழுப்பிக் காட்டினேன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது.

ஐந்தாம் வாரம்

ஜூன் மழை பிடித்துக்கொண்ட சமயம். மருமகள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பார்க்க வந்த உறவினர் பழக்கதோஷத்தில் அம்மாவைச் சோபாவில் உட்கார வைத்து, கிளம்பும்போது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பின்னால் போய்த் தொம்மென்று சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டார், அடி இல்லை. ஆனால் இரண்டு நாள் பயிற்சி செய்ய மறுத்தார். பயம் திரும்ப வந்துவிட்டது. மறுபடியும் கட்டில் உயரத்துக்கே போய்த் தொடங்கினோம், ஒரு வாரத்தில் மீண்டார். அதன் பிறகு சோபாவின் ஒரு முனையில், மெத்தைக்கு அடியில் கனமான பிளைவுட் பலகையும், மேலே ஒரு கெட்டித் திண்டும் போட்டு 44 செ.மீ. ஆக்கினோம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் பாடம் எடுக்க முடியாது, சோபாவையாவது மாற்றலாம் அல்லவா?

12 வாரத்தில்

கையை ஊன்றாமல் 30 நொடியில் 7 தடவை. இது இன்னும் சராசரிக்குக் கீழேதான். ஆனால் 0-விலிருந்து வந்த 7. எழுந்து நடந்து திரும்பி உட்கார 14 நொடி, அதில் எழுவதற்கு 2. பாதி முன்வைத்து 10 நொடி முழுதாக நிற்கிறார், குதிகால் விரல் தொட வைத்து 5 நொடி. கணுக்கால் 12 டிகிரி. பய அளவு 29. இந்த 12 வாரத்தில் விழவில்லை.

எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரிக்க முடியாது. மாத்திரை நேரம் மாறியதும் பெஞ்சு வந்ததும் ஒரே வாரத்தில். ஒரு ஆளை வைத்து அதைச் சொல்லவும் கூடாது. என் அனுபவத்தில் ஒன்று உறுதியாகச் சொல்வேன்: முதல் நாளே நான் நடைப்பயிற்சி கொடுத்துவிட்டு வந்திருந்தால், இவர் நாலாவது தடவையும் அந்தச் சோபாவுக்கு முன்னால்தான் விழுந்திருப்பார். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், விழுந்தவர் தினமும் உட்காருகிற இருக்கையை முதலில் அளக்கிறேன். விடியற்காலை விழுந்தவரை விடியற்காலையிலேயே போய்ப் பார்க்கிறேன்.

தொடக்கத்தில், உங்களுக்கு என்ன செய்ய முடிய வேண்டும் என்று கேட்டபோது அம்மா நடப்பதைப் பற்றிச் சொல்லவே இல்லை. "பூசையில நற்செய்தி வாசிக்கும்போ எல்லாரும் எழும்பி நிப்பாவ, நான் மட்டும் இருப்பேன். அது சங்கடமா இருக்கு" என்றார். பிப்ரவரியிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கிறார். அவர்கள் கோவில் பெஞ்சுக்குக் கைப்பிடி கிடையாது, 45 செ.மீ. உயரம், முன்பெஞ்சின் சாய்வை எட்டிப் பிடிக்கலாம். ஒன்பதாம் வாரம் நானும் கூடப் போய் ஆளில்லாத நேரத்தில் அங்கேயே பழக்கினேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாம் வாசகம் முடிந்து "இறைவா உமக்கு நன்றி" என்று எல்லோரும் சொல்லும்போதே அம்மா விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்கிறாராம். அல்லேலூயா தொடங்கும்போது மற்றவர்களோடு எழுந்துவிடுகிறார். மருமகள் சொன்னார், நான் பார்க்கவில்லை. இடது கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கிறார்கள். அது முடிந்து புதுக் கண்ணாடி போட்ட பிறகு எல்லா அளவையும் திரும்ப எடுக்க வேண்டும். ஐந்தாவது தடவை எழும்போது இடது பெருவிரல் இன்னும் லேசாகத் தூக்குகிறது.